பரங்கி அலகு, நம்மூர் பிடி: பழைய வாள எப்படிப் படிக்கிறது

2025 ஏப்ரல்ல லண்டன் சோத்பீஸ் ஏலத்துல நாக்பூர் மராட்டிய ராஜா ராகுஜி போன்ஸ்லேவோட வாள மகாராஷ்டிரா அரசாங்கம் எடுத்துச்சு, எல்லாச் செலவும் சேத்து 47.15 லட்சம் ரூபாய். அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 2023 மே மாசம், அதே லண்டன்ல போன்ஹாம்ஸ் ஏலத்துல திப்பு சுல்தானோட படுக்கையறை வாள் 1 கோடியே 40 லட்சம் பவுண்டுக்குப் போச்சு, நம்ம காசுக்கு 140 கோடியத் தாண்டும். ரெண்டும் 18ஆம் நூற்றாண்டு ஆளுங்களோடது, ரெண்டுலயும் தங்க எழுத்து இருக்கு, ரெண்டுமே வெள்ளக்காரன் காலத்துல வெளிய போனதாத்தான் சொல்றாங்க. அப்புறம் ஏன் ஒண்ணு லட்சத்துல நிக்குது, இன்னொண்ணு கோடியில போகுது?

இன்னொரு குழப்பமும் இருக்கு. ராகுஜி வாளோட அலகு (வெட்டுற இரும்புப் பகுதி) ஐரோப்பாவுல செஞ்சதுன்னு நியூஸ்லயே வந்துச்சு. அதப் படிச்ச உடனே "அப்ப இது மராட்டா வாளே இல்லயா, ஏமாத்திட்டாங்களா"ன்னு தோணும். இல்ல. பழைய ஆசிய வாள்கள்ல இது ரொம்ப சகஜம், சொல்லப்போனா இத புரிஞ்சுகிட்டா பாதி விஷயம் முடிஞ்சுது.

ஒரு வாள் ஒரே பொருள் கிடையாது

வாள்னா நாம ஒரே சாமானா நெனைக்கிறோம். உண்மையில அது மூணு சாமான்: அலகு, பிடி, உறை. மூணுக்கும் தனித்தனி ஊரு, தனித்தனி வயசு, தனித்தனி ஆசாரி. அலகுதான் வெல அதிகம், அது நூறு இருநூறு வருஷம் தாங்கும், பிடி உடையும், மரமும் தோலுமா இருக்குற உறை எல்லாத்துக்கும் முன்னாடி போயிடும். அதனால நல்ல அலகு கெடச்சா அப்பன் வச்ச பிடிய மகன் மாத்துவான், பேரன் புது உறை போடுவான், சண்டையில புடிச்சுட்டுப் போனவன் அவன் ஊரு பாணிக்கு மொத்தமா மாத்திடுவான்.

இந்தியாவுல இது இன்னும் சுலபம். வட இந்திய, தக்காண வாள்கள்ல பிடி உள்ள பொள்ளலா இருக்குற இரும்பு. அலகோட வால் பகுதிய அதுக்குள்ள விட்டு, சுத்தி சூடான அரக்க ஊத்தி இறுக்கிடுவாங்க, அவ்வளவுதான். பிடிய சூடு பண்ணா அரக்கு இளகி அலகு கையோட வந்துடும். இன்னிக்கும் ஏலத்துக்கு வர்ற தல்வார்கள்ல (வட இந்திய வளைஞ்ச வாள்) 17ஆம் நூற்றாண்டு அலகுல 19ஆம் நூற்றாண்டு பிடி இருக்குறது ஒண்ணும் அதிசயம் இல்ல. அது மோசடியும் கிடையாது, அந்த வாள் வாழ்ந்த கதை அது. மோசடி எப்ப ஆகும்னா, போன வருஷம் ஒரு டீலர் ரெண்ட சேத்துட்டு "அப்படியே வந்தது"ன்னு சொல்லும்போது.

பரங்கிங்கிற வார்த்தை

போர்ச்சுகீசியர் வந்ததுல இருந்து ஜெர்மனி, இத்தாலி பக்கத்து அலகுகள் கப்பல் கப்பலா இங்க எறங்குச்சு. நேரான அலகு, வளைச்சு விட்டா திரும்ப நேராகிடும், மராட்டியர்களுக்கு ரொம்பப் புடிச்சுது. அதுல உள்ளூர் கூடைப்பிடி போட்டு அதுக்கு 'ஃபிரங்கி'ன்னு பேரு வச்சாங்க. நம்ம பரங்கிமலை, பரங்கிக்காய்ல இருக்குற அதே பரங்கிதான். ராகுஜி வாளோட அலகுல தேவநாகரியில தங்கத்துல எழுதியிருக்குறதுலயே அவர் பேரு, 'சேனாசாகிப் சுபா'ங்கிற பட்டம், கூடவே 'ஃபிரங்'ங்கிற வார்த்தையும் இருக்கு. அதாவது அவரு எதையும் மறைக்கல, ஃபாரின் அலகுன்னு பெருமையா எழுதியே வச்சிருக்காரு!

திப்பு வாளுக்கும் இதுல பங்கு உண்டு. அதோட அலக 16ஆம் நூற்றாண்டுல இங்க வந்த ஜெர்மன் அலகுகளப் பாத்து முகலாய ஆசாரிங்க செஞ்சதுன்னு ஏலக் கம்பெனியே சொல்லுச்சு. ஒண்ணு ஒரிஜினல் பரங்கி, இன்னொண்ணு பரங்கி மாதிரி செஞ்ச நாட்டுச் சரக்கு.

இந்தக் காப்பி வேலை ரெண்டு பக்கமும் நடந்துச்சு. ஐரோப்பாவுல கண் இமை மாதிரி ரெண்டு அரைவட்டமும் அதுல பல்லு பல்லா கோடும் உள்ள ஒரு முத்திரை ரொம்ப ஃபேமஸ். அத இந்தியா, ஆப்கானிஸ்தான், காகசஸ்னு எல்லா ஊர் ஆசாரிங்களும் தங்களோட அலகுல குத்திகிட்டாங்க. அதனால ஒரு முத்திரையப் பாத்த உடனே இத்தாலி சரக்குன்னு குதிக்கக் கூடாது.

இரும்புல ஆரம்பிக்கணும்: உருக்கு

அலகுல மொதல்ல பாக்க வேண்டியது இரும்போட தரம். இங்கதான் நம்ம பக்கத்துக்கு உண்மையான பங்கு இருக்கு.

இங்கிலீஷ்ல 'வூட்ஸ்'னு சொல்ற எஃகு, கன்னடத்து உக்கு, தமிழ் உருக்குல இருந்து போன வார்த்தைன்னுதான் பொதுவா சொல்றாங்க. 1790கள்ல லண்டன் ராயல் சொசைட்டிக்கு சாம்பிள் போயி, 1795ல ஜார்ஜ் பியர்சன் அதப் பத்தி கட்டுரை எழுதினப்ப இந்தப் பேரு அச்சுல ஏறுச்சு. செய்முறை இதுதான்: தேனிரும்புத் துண்டுகள சின்ன களிமண் மூசைக்குள்ள போட்டு, கூட ஆவாரங்குச்சி, எருக்கிலை மாதிரி பச்ச சாமான வச்சு, வாய களிமண்ணால அடைச்சு, மணிக்கணக்கா ஊதுலையில வைப்பாங்க. செடியில இருந்து வர்ற கார்பன இரும்பு குடிச்சு உருகி, மெதுவா ஆறி, கைக்கு அடக்கமான ஒரு கட்டியா வரும். சேலம் பக்கம் இப்படி நடந்தத பரங்கிப்பேட்டையில (திரும்பவும் பரங்கி!) இரும்பாலை வச்ச ஹீத் 1830கள்ல எழுதி வச்சிருக்காரு. சேலம் மட்டுமில்ல, மைசூர்ப் பக்கமும் தெலங்கானாவுல கோனசமுத்திரத்துலயும் இந்தத் தொழில் பெருசா நடந்துச்சு, கோனசமுத்திரத்துக்கு பாரசீக வியாபாரிங்களே நேர்ல வந்து கட்டி வாங்கிட்டுப் போனாங்க.

அந்தக் கட்டிய ரொம்ப சூடேத்தாம பொறுமையா அடிச்சு நீட்டினா, உள்ள இருக்குற கார்பைடு துகள்கள் வரிசை வரிசையா சேரும். கடைசியா லேசான அமிலத்துல தொட்டா தண்ணியில அலை அடிக்கிற மாதிரி ஒரு கோலம் தெரியும். அதுதான் பேர்போன டமாஸ்கஸ் வாள். இந்த வரிசை ஏன் எல்லா எஃகுலயும் வர்றதில்லன்னு 1998ல வெர்ஹோவனும் பென்ட்ரேவும் காட்டினாங்க: ஒருத்தர் உலோகவியல் பேராசிரியர், இன்னொருத்தர் கொல்லர். தாதுல வனேடியம் மாதிரி சில தனிமங்கள் துளியூண்டு இருக்கணும், இல்லன்னா என்ன அடிச்சாலும் கோலம் வராது.

அரபிகளுக்கு இது ரொம்பப் பழைய விஷயம். அரபுக் கவிதையில நல்ல வாளுக்கு 'முஹன்னத்'னு ஒரு பேரு, அர்த்தம் இந்தியாவோடதுன்னு. 9ஆம் நூற்றாண்டுல அல்-கிந்தி வாள் வகைகளப் பத்தி ஒரு தனி நூலே எழுதியிருக்காரு, அதுல ஏமன் நாட்டு வாள், இந்திய வாள் கூடவே ஸரந்தீப் வாள்னு ஒரு வகை, அதாவது இலங்கை. இலங்கை சமனலவெவ மலைச்சரிவுல பருவக்காத்துலயே எரியிற இரும்பு உலைகள தோண்டி எடுத்திருக்காங்க, அதே காலகட்டம்தான்.

இப்ப ஆன்லைன்ல 'டமாஸ்கஸ் கத்தி'ன்னு விக்கிறது எல்லாம் வேற. ரெண்டு விதமான எஃகுத் தகடுகள மாத்தி மாத்தி அடுக்கி, ஒட்ட அடிச்சு, மடிச்சு செய்யிறது. பாகிஸ்தான் வசீராபாத்ல நெறைய பண்றாங்க. வேலை மோசம்னு சொல்லல, ஆனா அது உருக்கு கிடையாது. அத விட மோசமான இன்னொண்ணு இருக்கு, சாதா இரும்புல அமிலத்தால கோலம் வரைஞ்சு விடுறது. வித்தியாசம் என்னன்னா உண்மையான உருக்குல கோலம் ஆழம் வரைக்கும் இருக்கும், தேச்சா மறையும், திரும்ப அமிலம் பட்டா அதே கோலமே வரும். வரைஞ்சது தேச்சா போச்சு, போனதுதான். இத நீங்களே வீட்ல சோதிச்சுப் பாக்காதீங்க, தெரிஞ்ச ஆள் ஒரு ஓரத்துல ஒரு சின்ன இடத்துல பண்ற வேலை இது.

பிடிய வச்சு ஊரு கண்டுபிடிக்கிறது

அலகு ஊர் சுத்தும். பிடி பெரும்பாலும் கடைசியா வச்சிருந்தவனோட ஊரச் சொல்லும்.

1. தல்வார். பிடியோட நுனியில வட்டத் தட்டு இருக்கும், அத வச்சே சொல்லிடலாம். பிடி சின்னதா இருக்குறதப் பாத்து அந்தக் காலத்து ஆளுங்க கை சின்னதுன்னு கத விடுவாங்க, அப்படி இல்ல, கைய இறுக்கிப் புடிச்சு இழுத்து அறுக்குற வெட்டுக்கு அந்த அடக்கம் தேவை.

2. ஷம்ஷீர், பாரசீகம். அலகு ஒடுக்கமா நல்லா வளைஞ்சிருக்கும், பிடி நுனி ஒரு பக்கமா மடங்கி துப்பாக்கிப் பிடி மாதிரி. துருக்கிக் கிலிஜ்ல முனைப்பக்கம் அலகு திடீர்னு அகலமாகும், அதுதான் அடையாளம்.

3. கட்டாரி. இது நம்ம வார்த்தை. ரெண்டு குறுக்குக் கம்பிய முட்டியில புடிச்சு நேரா குத்துறது. விஜயநகர, நாயக்கர் காலத்து கட்டாரில கைய மறைக்க கப்பல் பாய் மாதிரி ஒரு தகடு இருக்கும், அதுலயும் அலகு பல நேரம் ஐரோப்பிய வாள ஒடைச்சு ஆணி அடிச்சு சேத்ததா இருக்கும். தஞ்சாவூர் அரண்மனை ஆயுதசாலையில இருந்தது இந்த வகைக்கெல்லாம் தலை. 1855ல கும்பெனி தஞ்சாவூர எடுத்துகிட்டதுக்கு அப்புறம், நல்லதுல கொஞ்சம் சென்னை எழும்பூர் மியூசியத்துக்கு வந்துச்சு, எக்கச்சக்கமா மிச்சம் இருந்தத உடைச்சு பழைய இரும்பு விலைக்கு வித்துட்டாங்க. நினைச்சா வயிறு எரியும்.

4. பிச்சுவா. நம்மாளுங்க வாயில பிச்சுவாக் கத்தின்னாலே ரௌடி சாமான், உண்மையில பிச்சுன்னா ஹிந்தியில தேள், தேள்கொடுக்கு மாதிரி ரெண்டு வளைவு, வளையம் போட்ட பிடி. பட்டாக்கத்தியும் இதே கததான், பேப்பர்ல எந்த நீளக் கத்தியையும் பட்டாக்கத்தின்னு எழுதுறாங்க, ஆனா ஆயுதம் சேக்குறவங்க 'பட்டா'ன்னு சொல்றது முழங்கை வரைக்கும் இரும்புக் கையுறையே பிடியா இருக்குற மராட்டிய வாள.

5. ஜம்பியா, ஏமன் நாட்டுக் குத்துவாள். அகலமான வளைஞ்ச அலகு, நடுவுல ஒரு வரம்பு. ஏமன்ல அலக விட பிடிக்குத்தான் மதிப்பு, காண்டாமிருகக் கொம்புல செஞ்சு பழசாகி தேன் மாதிரி ஒளி ஊடுருவுற பிடிக்கு 'ஸைஃபானி'ன்னு பேரு. ஏமனோட ஹத்ரமவ்த் பகுதி அரபிகள் நிஜாமோட படைக்கு வந்ததால ஹைதராபாத் ஜம்பியான்னே ஒரு கிளை உண்டு. அவங்க வம்சம் இன்னிக்கும் பார்க்கஸ் ஏரியாவுல இருக்கு.

6. கஞ்சர், ஓமன் குத்துவாள். ஓமன் கொடியில இருக்குறது இதுதான், உறை கிட்டத்தட்ட செங்குத்தா மடங்கி வெள்ளிக் கம்பி வேலையோட இருக்கும். 2022ல யுனெஸ்கோ பட்டியல்லயும் ஏறிடுச்சு. இங்க ஒரு குழி: முகலாயக் 'கஞ்சர்' வேற ஆயுதம், ஜேடுங்கிற பச்சக்கல்லுல குதிரத்தலப் பிடி போட்டதெல்லாம் அது. பேரு ஒண்ணு, சாமான் ரெண்டு. அதே மாதிரி ஓமனோட 'கத்தாரா' ஒரு நீள வாள், நம்ம கட்டாரி இல்ல.

7. கஸ்தான, இலங்கை. குட்டையான வளைஞ்ச வாள், பிடி நுனியில சிங்கத்தல, கைக்காப்புல மகரத்தலைகள். இதுலயும் அலகு அடிக்கடி வெளிநாட்டுச் சரக்கு, டச்சு கம்பெனி முத்திரையோட கூட வரும். சண்டைக்குங்கிறத விட அந்தஸ்துக்குக் கட்டினது.

8. கிரிஸ், ஜாவா மலாய் பக்கத்துக் குத்துவாள். வளைவு இருந்தா ஒத்தப்படையிலதான் இருக்கணும், எண்ணிப் பாருங்க. நிக்கல் கலந்த இரும்ப அடுக்கி வர்ற கோலத்துக்கு 'பமோர்'னு பேரு, பிரம்பனான்ல விழுந்த விண்கல்லக் கூட சுரகார்த்தா அரண்மனையில இதுக்குப் பயன்படுத்தியிருக்காங்க. அந்தக் கோலம் தெரிய எலுமிச்சச் சாறும் ஆர்சனிக்கும் தடவுவாங்க, அதனால பழைய கிரிஸ் அலக வெறும் கையால தடவிட்டு அப்படியே சாப்பிட உக்காராதீங்க.

எழுத்து பொய் சொல்லும்

அலகுல பேரு இருந்தா வெல ஏறும், அதனாலயே பேரு பொறிச்சாங்க. இந்த விஷயத்துல ராஜான்னா அது அசதுல்லா இஸ்ஃபஹானிங்கிற பேருதான். பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் காலத்து ஆசாரின்னு சொல்லப்படுற இவரு பேரு, அவருக்கு நூறு, இருநூறு வருஷம் அப்புறம் செஞ்ச அலகுல எல்லாம் இருக்கு. அது கையெழுத்தா இல்லாம தரத்துக்குப் போட்ட முத்திரையாவே ஆயிடுச்சு. அசதுல்லா பேரு இருந்தா மொதல்ல சந்தேகம், அப்புறம்தான் சந்தோஷம்.

தேதி இருந்தா கணக்குப் போடுங்க. ஹிஜ்ரி வருஷத்த 0.97ஆல பெருக்கி 622 கூட்டினா கிட்டத்தட்ட நம்ம ஆங்கில வருஷம் வரும், 1213னு இருந்தா 1798-99. விக்ரம வருஷம்னா 57 கழிச்சா போதும். கணக்குப் போட்டு வர்ற வருஷமும் பிடியோட பாணியும் ஒத்துப்போகலன்னா, ஒண்ணு பிடி மாத்தியிருக்காங்க, இல்ல தேதிய அப்புறம் சேத்திருக்காங்க.

நான் அழகான எழுத்த விட அசிங்கமான எழுத்தத்தான் அதிகம் நம்புவேன். ராஜஸ்தான் பிகானேர் ஆயுதசாலைச் சாமான்கள்ல புள்ளி புள்ளியா உளியால குத்தின கணக்கு எழுத்து இருக்கும், அதுல சிலது 1689ல ஆந்திரா பக்கத்து அதோனிக் கோட்டை முற்றுகையில புடிச்சதுன்னு சொல்லும். ஸ்டோர் கீப்பர் எழுதினது அது, விக்கிறதுக்காக எழுதினது இல்ல. (இப்ப அதையும் காப்பி அடிக்கிறாங்கங்கிறது வேற விஷயம்.)

புதுசா பழசா

1857க்கு அப்புறம் ஆயுதத்துக்குக் கெடுபிடி, 1878ல ஆயுதச் சட்டம். பொழப்பு போன ஆசாரிங்க கண்காட்சிக்கும் தர்பாருக்கும் வர்ற வெள்ளக்காரங்களுக்கு அலங்காரச் சாமான் செஞ்சாங்க. அதுக்கும் இப்ப 120, 130 வயசு, பழசுதான், ஆனா சண்டையப் பாத்தது இல்ல. அதுக்கப்புறம் ராஜஸ்தான்ல இன்னி வரைக்கும் செஞ்சுகிட்டே இருக்காங்க. பாக்க வேண்டியது:

1. தங்க வேலைய லென்ஸ்ல பாருங்க. கோஃப்த்காரின்னா இரும்ப குறுக்கும் நெடுக்குமா கீறி அதுமேல தங்கக் கம்பிய தட்டி ஒட்டுறது, தங்கம் தேஞ்ச இடத்துல அந்தக் கீறல் தெரியணும். கீறலே இல்லாம வழவழன்னு இருந்தா முலாமோ பெயின்டோ.

2. தேய்மானம் கை படுற இடத்துல இருக்கணும். பிடி புத்தம் புதுசா இருக்கு, யாரும் தொடாத மூலையில தேஞ்சிருக்குன்னா யாரோ பழசாக்கியிருக்காங்க.

3. துரு. நூறு வருஷத் துரு கருப்பா இறுகி ஒட்டியிருக்கும். அமிலத்துல ஊறப்போட்ட துரு ஆரஞ்சா, எல்லா இடத்துலயும் ஒரே அளவுல இருக்கும், விரல்ல வரும்.

4. கிரைண்டர் தடம், நவீன வெல்டிங், ஃபிலிப்ஸ் ஸ்க்ரூ. சிரிக்காதீங்க, ஸ்க்ரூ போட்ட 'சிவாஜி காலத்து' வாளும் மார்க்கெட்ல உண்டு.

5. எடை. நெஜமான ஆயுதம் கையில புடிச்சா சொன்ன பேச்சு கேக்கும். சுவத்துல மாட்டச் செஞ்சது இரும்புப் பட்டை மாதிரி முனையில கனக்கும். அலகு நடுவுல ஓடுற பள்ளம் ரத்தம் வடியன்னு சொல்றது கட்டுக்கதை, எடை குறைக்கத்தான் அது.

ஆயுத பூஜைக்கு வெளிய எடுத்து புளி போட்டு விளக்கி, எமரி பேப்பர் போட்டு பளபளன்னு ஆக்குறதுதான் நம்ம வீடுகள்ல பழைய வாளுக்கு நடக்குற பெரிய கொடுமை. உருக்கோட கோலமும் மெல்லிசான தங்க வேலையும் அதுலதான் போகுது. மெல்லிசா மெஷின் ஆயில் தடவி, தோலுறையில இல்லாம தனியா வச்சா போதும், பொட்டு வைக்கிறதுன்னா உறை மேல வைங்க.

அப்புறம் ஏன் 140 கோடி

இப்ப மொதல் கேள்விக்கு வரலாம். இரும்புக்கும் தங்கத்துக்கும் அந்த விலை இல்ல. திப்பு வாள் 1799 மே 4ல ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தப்ப அரண்மனையில எடுத்து வெள்ளக்கார ஜெனரல் பெயர்டுக்குக் கொடுத்தது, கொடுத்த தகவலே வாள்ல பொறிச்சிருக்கு. யாரோடது, எந்த நாள் யாரு எடுத்தாங்கன்னு சங்கிலி அறுபடாம இருக்கு. அதுவும் போரே தலைப்புச் செய்தியான ஒரு ராஜா. ஏலக் கம்பெனி எதிர்பாத்ததே 15 - 20 லட்சம் பவுண்டுதான், ஆளுங்க போட்டி போட்டு ஏத்தி விட்டாங்க. ராகுஜி வாள்ல பேரு இருக்கு, ஆனா அரண்மனையில இருந்து எப்ப எப்படிப் போச்சுங்கிறதுக்கு அந்த மாதிரி தேதி போட்ட சங்கிலி இல்ல.

சங்கிலி அறுந்தா என்ன ஆகும்னு பாக்க புலிநகம் (விரல்ல மாட்டிக்கிற இரும்பு நகம்) நல்ல உதாரணம். சிவாஜி 1659ல பீஜப்பூர் தளபதி அஃப்சல்கானக் கொன்ன புலிநகம்னு சொல்லி லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துல இருந்து 2024ல மூணு வருஷக் கடனா சாத்தாராவுக்கு வந்துச்சு. அதோட பெட்டியில எழுதியிருக்குறது, சாத்தாராவுல ரெசிடென்ட்டா (பிரிட்டிஷ் பிரதிநிதியா) இருந்த கிராண்ட் டஃப்புக்குப் பேஷ்வாவோட மந்திரி கொடுத்ததுன்னு. நடுவுல 150 வருஷத்துக்கு மேல எந்த ஆதாரமும் இல்ல, மியூசியமே இது அதுதான்னு உறுதி பண்ண முடியாதுன்னுதான் சொல்லுது. பொருள் பழசா இருக்கலாம், கத நெசமாவே இருக்கலாம், ஆனா ரெண்டையும் சேக்குற காகிதம் இல்ல. அதனால இரும்ப மொதல்ல பாக்கணும், பிடிய ரெண்டாவது, எழுத்த மூணாவது, விக்கிறவர் சொல்ற கதைய எல்லாத்துக்கும் கடைசியா.

சட்டம்

1. 100 வருஷத்துக்கு மேல ஆன வாள், 1972ஆம் வருஷ தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள். தனியாள் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, வியாபாரமா பண்ண லைசென்ஸ் வேணும்.

2. 1959 ஆயுதச் சட்டத்துக்குக் கீழ வர்ற 2016 விதிகள்ல வாள், குத்துவாள், 9 இன்ச் நீளத்துக்கோ 2 இன்ச் அகலத்துக்கோ மேல போற கத்தி (வீட்டு, விவசாய வேலைக் கத்தி தவிர) எல்லாம் ஆயுதம்தான். வச்சிருக்க லைசென்ஸ் வேணுமாங்கிறது அந்தந்தப் பகுதிக்கு அரசு போட்ட அறிவிப்பப் பொறுத்தது, ஆனா செஞ்சு விக்க லைசென்ஸ் கட்டாயம். தாத்தா வாளத் தூக்கிகிட்டு ரீல்ஸ் போடுறவங்க இத ஒரு தடவ படிக்கணும்.

3. பிடியில தந்தமோ காண்டாமிருகக் கொம்போ இருந்தா தனி தலைவலி. வனவிலங்குச் சட்டத்துல இந்தியத் தந்த வியாபாரம் 1986லயே நின்னுச்சு, 1991ல ஆப்பிரிக்கத் தந்தமும். கொம்பு விக்கவே முடியாது. 1970கள்ல எண்ணெய்க் காசு வந்தப்ப ஏமன்ல எல்லாரும் ஸைஃபானி ஜம்பியா கேட்டாங்க, ஆப்பிரிக்காவுல 1970ல சுமார் 65,000 இருந்த கருப்புக் காண்டாமிருகம் 1990கள் நடுவுல 2,500க்குக் கீழ போனதுல அந்தப் பிடிகளுக்கும் பங்கு உண்டு. ஏமன் 1982ல கொம்பு இறக்குமதிய நிறுத்துச்சு, இப்ப வர்ற புது ஜம்பியால பிடி பெரும்பாலும் எருமக்கொம்பு, சிலது பிளாஸ்டிக்.